ஸ்பீக்கரின் விலை அதன் கோட்டில் தெரியுமா?

மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்ண்ணே?" என்பதுதான். கடைக்காரரும் பெட்டியைத் திருப்பி எண்ணைக் காட்டுவார். 5000 இருக்கும், 10000 இருக்கும், பக்கத்திலேயே பொடி எழுத்தில் பிஎம்பிஓ என்றும் இருக்கும். அந்தப் பெட்டியோடு வரும் அடாப்டரை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், பெருக்கினால் 24 வாட். 24 வாட் மட்டுமே உள்ளே வாங்கும் ஒரு பொருளால் தொடர்ந்து அதற்கு மேல் எதையும் வெளியே தர முடியாது. கணநேர உச்சச் சக்தி என்று சொல்லிக்கொள்ளும் இந்த பிஎம்பிஓ அளவுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட சோதனை முறை எதுவும் கிடையாது. அச்சடிப்பவர் விருப்பம்போல் எண் வளரும்.

நேர்மையாக எழுதிய வாட்ஸ் எண்ணும்கூட, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயில் கருகாமல் ஸ்பீக்கர் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. அது எப்படிப் பாடும் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேறொரு படம் இருக்கிறது. அடிக்குரலிலிருந்து உச்சக்குரல் வரை ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்று வரைந்த கோடு. பிரீக்வென்சி ரெஸ்பான்ஸ் என்கிறார்களே, அதுதான். மூவாயிரம் ரூபாய் பெட்டியின் கோட்டையும் மூன்று லட்சம் ரூபாய் ஜோடியின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும்? விலைச் சீட்டைவிட அந்தக் கோடுகளை நம்பலாம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்த்தால் அதுவும் நம்மை ஏமாற்றிவிடும்.

மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை. தவிலின் தொப்பிப் பக்கம் விழும் அடி இதில் கீழ்க்கோடியில் இருக்கிறது. ஆண் குரலின் அடிப்படை 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண் குரலின் அடிப்படை 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் தொடங்கும். நாதஸ்வரத்தின் காரம் முழுக்க 1000 முதல் 4000 வரை. ச, ஸ போன்ற எழுத்துகளின் சீறல் 5000க்கு மேலே. ஜால்ராவின் மினுமினுப்பு அதற்கும் மேலே. பாடியவரும் ஒலிப்பதிவு செய்தவரும் இவற்றின் விகிதத்தை ஏற்கனவே முடிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரின் வேலை அதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒப்படைப்பது. அப்படி ஒப்படைத்தால் கோடு நேராக இருக்கும்.

அட்டைப் பெட்டியில் "40 – 20,000 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. 40 ஹெர்ட்ஸில் ஏதோ ஒரு முனகல் வந்தாலும் அப்படி எழுதிக்கொள்ளலாம். சத்தத்தின் அளவான டெசிபெல்லில், கூட்டல் கழித்தல் 3 டெசிபெல் என்று எல்லை சொல்லியிருந்தால்தான் அது தகவல். மூன்று டெசிபெல் குறைகிறது என்றால் சக்தி பாதியாகிவிட்டது. பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு, காதுக்கு ஏறத்தாழ பாதிச் சத்தம். கோட்டைப் படமாகவே வெளியிடும் நிறுவனங்களும் சில சமயம் அதை அழகுபடுத்திவிடுகின்றன. செங்குத்து அச்சில் ஒரு கட்டத்துக்கு 5 டெசிபெல் வைப்பதற்குப் பதில் 20 வைத்தால் மலையும் மேடாகிவிடும். ஆக்டேவில் (அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளியில்) மூன்றில் ஒரு பங்கு என்று சராசரி எடுத்து வழவழப்பாக்கினால் கூர்மையான முகடுகள் மறைந்துபோகும். படத்தைப் பார்க்கும் முன் அச்சைப் பாருங்கள்.

அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் ஸ்பீக்கரை வைத்து எதிரே மைக் வைத்து எடுத்தால், வருவது பாதி ஸ்பீக்கர், பாதி சுவர். பெரிய ஆய்வுக்கூடங்களில் எதிரொலியே இல்லாத அறை கட்டியிருப்பார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள கிளிப்பெல் நிறுவனம், மைக்கை ஸ்பீக்கரைச் சுற்றி நகர்த்தி அளந்து, அறையின் எதிரொலியைக் கணக்கில் கழித்துவிடும் இயந்திரத்தையே செய்து விற்கிறது. இரண்டும் நம் கைக்கு எட்டாது. ஆனால் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும், அளவுத்திருத்தக் கோப்போடு வரும் ஒரு யுஎஸ்பி மைக்கும் இருந்தால் ஆர்வமுள்ள யாரும் இதில் இறங்கலாம்.

அறைக்குள் என்றால் முதல் எதிரொலி வந்து சேர்வதற்குள் கிடைக்கும் ஒலியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பத்தடி உயரக் கூரையுள்ள அறையில் ஸ்பீக்கரையும் மைக்கையும் சரிபாதி உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் தரையில் பட்டு வரும் ஒலி 6 மில்லி விநாடி தாமதமாக வரும். அந்த 6 மில்லி விநாடியை வைத்துக்கொண்டு சுமார் 160 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் எதையும் நம்ப முடியும். பேஸ் முழுக்க விடுபட்டுப்போகும்.

பேஸுக்குத் திறந்தவெளி வேண்டும். அதற்கு மேலூர்ப் பக்கத்து நெல் அடிக்கும் சிமெண்ட் களத்தைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் களத்தின் நடுவில் ஸ்பீக்கரைத் தரையிலேயே வைத்து, எதிரே மைக்கையும் தரையிலேயே படுக்க வைத்துவிட வேண்டும். தரையில் பட்டு வரும் ஒலியும் நேராக வரும் ஒலியும் ஒரே நேரத்தில் மைக்குக்குச் சேரும். எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே சீராக 6 டெசிபெல் கூடும், அவ்வளவுதான். அதைக் கழித்துவிட்டால் ஸ்பீக்கர் மட்டும் மிஞ்சும். சுற்றிலும் ஐம்பதடிக்குச் சுவர் இல்லை என்றால் 30 ஹெர்ட்ஸ் வரை தைரியமாகப் படிக்கலாம். நள்ளிரவுக்குப் பிறகுதான் காற்று அடங்கும், திருச்சி ரோட்டு லாரிகளின் உறுமலும் குறையும். அப்போதும் சில்வண்டு விடாது. சோதனை ஒலி போடும் முன்பே 4000, 5000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு திரையில் நிற்கும். அது வண்டின் பாட்டு.

சோதனை ஒலி என்பது 20 ஹெர்ட்ஸில் தொடங்கிச் சீழ்க்கையாக 20,000 வரை ஏறும் ஒரே ஒரு ஒலி. இத்தாலியரான ஆஞ்சலோ பரினா 2000ஆம் ஆண்டில் முன்வைத்த இந்த முறையில், ஸ்பீக்கரின் கோட்டையும் அது தானாகச் சேர்க்கும் திரிபையும் ஒரே அளவீட்டில் தனித்தனியே பிரித்துவிடலாம். காவலுக்குப் படுத்திருந்த பெரியவர் எழுந்து வந்து, "ஏந் தம்பி, பாட்டப் போடாம விசிலடிச்சிக்கிட்டே கெடக்கு?" என்று கேட்கத்தான் செய்வார். ஊர் நாய்களும் சேர்ந்துகொள்ளும். அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு இன்னொன்று எடுக்க வேண்டியதுதான்.

சரி, கோட்டுக்கு வருவோம். விலை குறைந்த வழக்கமான ஹோம் தியேட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது இதுதான்: அடிக்குரல் தரும் ஊஃபருக்கு வயர் நேரடியாகப் போகும். உச்சக்குரல் தரும் ட்வீட்டரின் பின்னால் ஒரே ஒரு கெப்பாசிட்டர், சூடான பசையில் ஒட்டியபடி. ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் என்பது அவ்வளவுதான். சில பெட்டிகளில் ட்வீட்டர் போலத் தெரிவது வெறும் பிளாஸ்டிக் மூடி. ஊஃபரின் காகிதக் கோன் ஓர் அதிர்வெண்ணுக்கு மேல் முழுசாக ஒன்றாக அசையாது, துண்டு துண்டாக நெளியும். 3000 முதல் 5000 ஹெர்ட்ஸுக்குள் அங்கே ஒரு முகடு எழும். அதை அடக்க ஊஃபருக்குப் போகும் வயரின் வழியில் ஒரு காயில் வேண்டும். காயிலுக்குச் செம்பு வேண்டும், செம்புக்குக் காசு வேண்டும், அதனால் விட்டுவிடுகிறார்கள். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அதுவேதான். நாதஸ்வரத்தை இப்படிப்பட்ட பெட்டியில் கேட்டால் பத்து நிமிடத்தில் தலைவலி வருவது இதனால்தான். வித்வான் மேல் பழி போடக் கூடாது.

கீழே போனால் இன்னொரு மேடு, 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள். இது வேண்டுமென்றே செய்தது. உண்மையான பேஸ் 40, 50 ஹெர்ட்ஸில் இருக்கிறது. சின்னப் பெட்டியால் அங்கே போக முடியாது. அதனால் கொஞ்சம் மேலே தூக்கிவைத்து "பூம்" என்று ஒலிக்கவிட்டால் கடையில் நிற்பவருக்கு நல்ல பேஸ் என்று தோன்றிவிடும். எல்லாப் பாட்டிலும் ஒரே சுருதியில் பேஸ் கேட்டால் பெட்டி தன் சொந்தக் குரலைப் பாடுகிறது என்று அறிந்துகொள்ளலாம். மீனாட்சி அம்மன் கோயிலின் வடக்கு ஆடி வீதியில் இருக்கும் இசைத் தூண்களைத் தட்டினால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுரத்தைச் சொல்லும். கல்லுக்கு அது பெருமை, ஸ்பீக்கர் பெட்டிக்கு அதுவே குறை.

இப்போது விலை உயர்ந்த பக்கம். கனமான பெட்டி, உள்ளே தடுப்புக் கட்டைகள், காயிலும் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் நிறைந்த கிராஸ்ஓவர். கோடு 40 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை கூட்டல் கழித்தல் 2 டெசிபெல்லுக்குள் அடங்கி ஓடினால் அது நல்ல வேலை. அப்படிப்பட்டவை நிறையவே உண்டு. ஆனால் எல்லா விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அப்படி இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. அமெரிக்காவின் ஸ்டீரியோபைல் இதழ் தான் விமர்சிக்கும் ஸ்பீக்கர்களின் அளவீடுகளைப் பல பத்தாண்டுகளாக வெளியிட்டு வருகிறது. ஜான் அட்கின்சன் எடுத்த அந்தக் கோடுகளைப் புரட்டினால், கார் விலையுள்ள ஸ்பீக்கர்கள் சிலவற்றில் 5 டெசிபெல்லுக்கும் மேலான மேடு பள்ளங்களைப் பார்க்கலாம். வடிவமைத்தவரின் தனிப்பட்ட ரசனை சிலவற்றுக்குக் காரணம். ஊஃபர், ட்வீட்டர் என்று நான்கு, ஐந்து யூனிட்களை ஒரே பெட்டியில் சேர்க்கும்போது ஒன்றோடொன்று மோதுவது சிலவற்றுக்குக் காரணம். விலையில் பெரும்பங்கு மரத்துக்கும் மெருகுக்கும் விமானச் சரக்குக்கும் போயிருக்கலாம்.

மறுபுறம், 2013இல் வந்த ஜேபிஎல் எல்எஸ்ஆர்305ஐ எடுத்துக்கொள்வோம். ஒலிப்பதிவுக்காரர்களுக்கான சிறிய மானிட்டர் ஸ்பீக்கர். 5 இஞ்சு ஊஃபர், 1 இஞ்சு ட்வீட்டர், உள்ளேயே ஆம்ப்ளிபயர். அமெரிக்காவில் ஒன்றின் விலை 150 டாலர் அளவில்தான் இருந்தது. வெளியே பிளாஸ்டிக் முகம், பார்க்க எளிமை. ஆனால் பல மடங்கு விலையுள்ள ஸ்பீக்கர்களோடு கோட்டை வைத்துப் பார்த்தாலும் தலைகுனிய வேண்டியதில்லை. நேரே எதிரில் மட்டுமில்லை, பக்கவாட்டிலும்.

அந்தப் பக்கவாட்டில்தான் விஷயமே இருக்கிறது. நாம் வீட்டில் கேட்பதில் ஒரு பங்குதான் ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வருகிறது. மீதி சுவரில், தரையில், கூரையில் பட்டு வருகிறது. அந்த ஒலி ஸ்பீக்கரின் பக்கவாட்டிலிருந்து கிளம்பியது. மதுரையில் வெயில் காலத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். 2000 ஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 17 சென்டிமீட்டர் சொச்சம். எட்டு இஞ்சு ஊஃபரின் கோன் கிட்டத்தட்ட அதே அகலம். அலையின் நீளமும் கோனின் அகலமும் ஒன்றாகிவிட்டால் ஒலி விரிந்து பரவாது, டார்ச் லைட்டின் ஒளிபோல் நேரே மட்டும் பாயும். அந்த இடத்தில் சின்ன ட்வீட்டர் பொறுப்பேற்றதும் ஒலி திடீரென்று எல்லாப் பக்கமும் விரியும். எதிரில் வைத்த மைக்குக்கு இது எதுவும் தெரியாது, கோடு நேராகவே இருக்கும். பக்கவாட்டில் 45 டிகிரியில் மைக்கை வைத்தால் 2000 பக்கம் ஒரு பள்ளமும் அதை அடுத்து ஒரு மேடும் வெளிப்படும். குரல் பாயைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் ஏன் இருக்கிறது, நேர் எதிரில் எடுத்த கோடு நன்றாகத்தானே இருக்கிறது என்று திகைப்பவர்களுக்கு விடை இங்கே. எல்எஸ்ஆர்305இல் ட்வீட்டரைச் சுற்றியிருக்கும் வளைவான வாய், ட்வீட்டரின் பரவலை ஊஃபரின் பரவலோடு ஒத்துப்போகச் செய்கிறது. அச்சில் வார்த்தெடுத்த பிளாஸ்டிக்குக்கு அதிக விலை இல்லை. அதன் வளைவைக் கண்டுபிடித்த அறிவுக்குத்தான் விலை. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அது மலிவான பெட்டிக்கும் வந்து சேரும்.

இதை உலகம் ஒத்துக்கொள்ளும்படி நிரூபித்தவர் பிளாய்ட் டூல். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல ஆண்டுகள், 1991 முதல் ஸ்பீக்கர் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்துவைத்து ஆட்களுக்குக் கேட்கக் கொடுத்தார். எது என்று தெரியாதபோது மனிதர்களின் தேர்வு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போனது. நேராக, வழவழப்பாக, பக்கவாட்டிலும் அதே குணத்தோடு இருக்கும் ஸ்பீக்கரையே விரும்பினார்கள். ரசனை ஆளுக்கு ஆள் மாறும், அளவீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அவருடன் பணியாற்றிய ஷான் ஆலிவ் 1994இல் இன்னொரு சோதனை செய்தார். 40 பேர், 4 ஸ்பீக்கர்கள். முதலில் மறைத்துவைத்து, பிறகு பார்க்கவிட்டு. மறைத்திருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, விலை குறைந்த செட், கண்ணால் பார்த்ததும் கீழே இறங்கிவிட்டது. பெரிய, கம்பீரமான பெட்டிகள் மேலே ஏறின. கேட்டவர்கள் எல்லோரும் அந்த ஸ்பீக்கர் நிறுவனத்தின் ஊழியர்கள். அவர்கள் காதையே கண் ஏமாற்றிவிடும் என்றால், ஏசி ஷோரூமில் குஷன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் நம்மை ஏமாற்றாதா?

ஆலிவ் 2004இல் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளிலிருந்து, மறைத்துவைத்த சோதனையில் எது எவ்வளவு மதிப்பெண் வாங்கும் என்று கணிக்கும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். கணிப்புக்கும் ஆட்கள் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் இருந்த ஒட்டுறவு 0.86. முழுசாக ஒத்துப்போனால் அது 1. விலை அந்தச் சூத்திரத்தில் எங்குமே கிடையாது. பேஸ் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதற்கு மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம் இடம். ஸ்பீக்கரைச் சுற்றிப் பத்துப் பத்து டிகிரியாகக் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் மொத்தம் 70 இடங்களில் அளக்கும் சிடிஏ-2034 என்ற அமெரிக்கத் தரமுறை இந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான்.

அந்த 30 சதவீதத்தில்தான் காசு உண்மையாகவே வேலை செய்கிறது. பேஸ் வேண்டுமென்றால் காற்றைத் தள்ள வேண்டும். ஒரே அளவுச் சத்தத்துக்கு அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். நான்கு இஞ்சு கோன் முன்னும் பின்னும் 5 மில்லிமீட்டர் ஆடினால்கூட, அது ஒரு சின்ன யூனிட்டுக்குப் பெரிய ஆட்டம், 40 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் 80 டெசிபெல் சொச்சம்தான் கிடைக்கும். அதே ஆட்டத்தைப் பன்னிரண்டு இஞ்சு கோன் ஆடினால் 100ஐத் தாண்டும். இதில் மந்திரம் எதுவும் செய்ய முடியாது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம்: மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது கேஎல்எச் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் விதி. நல்ல வடிவமைப்பாளர் எந்த இரண்டை எடுத்துக்கொண்டார் என்பது அளவீட்டில் தெரிந்துவிடும்.

சத்தத்தைக் கூட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஒரு வாட்டுக்கு 87 டெசிபெல் தரும் சாதாரண வீட்டு ஸ்பீக்கர், தனக்குள் போகும் மின்சாரத்தில் ஒரு சதவீதத்தைக்கூட ஒலியாக்குவதில்லை. மீதி அத்தனையும் காயிலில் சூடாகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். காயில் 180 டிகிரி சூடேறினால் தடை 70 சதவீதம் கூடிவிடும், 4 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் தானாகவே இறங்கும். மெல்லிய காயிலும் சின்ன மேக்னட்டும் உள்ள மலிவு யூனிட்டில் இது சீக்கிரம் நடக்கும். மெதுவாக வைத்து எடுத்த இரண்டு கோடுகள் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தாலும், கல்யாண வீட்டுச் சத்தத்தில் எடுத்தால் ஒன்று நிற்கும், ஒன்று படுத்துவிடும். விலை உயர்ந்த ஸ்பீக்கருக்கு நான் மனமாரக் கொடுக்கும் மதிப்பு இங்கேதான். இடது வலது ஜோடி ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புளூடூத் ஸ்பீக்கர்களில் ஒரே சத்தத்தில் எடுத்த கோடு அறவே போதாது. உள்ளே இருக்கும் சிப், சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸைத் தூக்கிக் கொடுக்கும். கூட்டக் கூட்ட, கோன் கிழிந்துவிடாமல் இருக்க அதைக் கழித்துக்கொண்டே வரும். பாதி வால்யூமில் ஒரு ஸ்பீக்கர், முழு வால்யூமில் வேறொரு ஸ்பீக்கர். மூன்று வால்யூமில் மூன்று கோடு போட்டுப் பார்த்தால்தான் அதன் உண்மைக் குணம் தெரியும்.

மேட்டுக்குடி ஸ்பீக்கர் பேச்சில் யாரும் சேர்க்காத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்: நம் ஊர் மைக்செட் குழாய். அலுமினியக் குழாய் ஸ்பீக்கரின் கோட்டைப் போட்டால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. 7000, 8000க்கு மேலேயும் இருக்காது. நடுவில் ஒரு கரடு. இசைக்கு அது ஆகாது. ஆனால் அதன் ஒரு வாட் ஒரு மீட்டரில் 105 முதல் 110 டெசிபெல் வரை தரும். வீட்டு ஸ்பீக்கரைவிட 20 டெசிபெல் அதிகம் என்றால் நூறு மடங்கு சக்தி. 30 வாட் கொடுத்தால் நூறு மீட்டர் தள்ளியும் 80க்கு மேல் கேட்கும். பேட்டரியில் ஓடிய சின்ன ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு ஒரு ஊருக்கே கூத்தையும் கும்மியையும் கொண்டுபோய்ச் சேர்த்த பொருள் அது. சொன்ன சொல் புரிய வேண்டும், தூரம் போக வேண்டும் என்ற வேலைக்கு அந்தக் கோடு சரியான கோடு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் சொல்வதோடு அது ஒத்துப்போகாது என்பதும் அதே எண்களிலிருந்தே தெரிகிறது. குழாயைக் கழற்றிவிட்டுப் பாக்ஸுக்கு மாறிய மைக்செட்காரர்கள் செலவழித்தது பேஸுக்கு மட்டுமில்லை. தேவைப்படும் இடத்தோடு ஒலியை நிறுத்திக்கொள்ளும் வசதியும் அதில் அடக்கம். பெட்டிகளை அடுக்கும் கோணத்தைக் கவனித்தால் அது கிடைக்கும்.

அடுத்து அறை. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பது ஸ்பீக்கரைவிட அறையைத்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்று நம் பக்கம் சாதாரணமாகக் கட்டுகிறோம். பத்தடிக்கு நடுவே ஒலி முட்டி மோதி நிற்கும் அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் இரண்டுமே பத்தடி என்பதால் இரண்டு அலைகளும் ஒரே 57இல் வந்து உட்கார்ந்து ஒன்றையொன்று தூக்கிவிடும். பன்னிரண்டு அடிப் பக்கத்துக்கு 48. மூன்று லட்சம் ரூபாய் ஸ்பீக்கர் களத்தில் கூட்டல் கழித்தல் 2 என்று காட்டிய கோடு, இந்த அறைக்குள் வந்ததும் 10, 15 டெசிபெல் ஏறி இறங்குவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, உள்ளே எதுவும் இல்லை என்றால் ஒருமுறை கைதட்டிய ஒலி அடங்க 2 விநாடிக்கு மேல் ஆகும். பஞ்சு மெத்தை, கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி வந்துவிட்டால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஸ்பீக்கரை மூலையில் திணித்தால் பேஸ் கூடும், ஆனால் அந்த 57ம் 48ம் சேர்ந்து கூடும். சுவரை விட்டு இரண்டடி முன்னே இழுத்து வைப்பதற்குக் காசு எதுவும் ஆகாது.

வாங்கப் போகும்போது அளவுக்கோடு கிடைத்தால் நேர் எதிரில் எடுத்த கோட்டோடு பக்கவாட்டுக் கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாயலில், இடையில் வெட்டுப் பள்ளம் இல்லாமல் போனால் நல்லது. மிகக் குறுகிய பள்ளம் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. அகலமான மேடு ஒன்றிரண்டு டெசிபெல்லே ஆனாலும் தெரியும். கோடு கிடைக்காவிட்டால் கடைக்காரரிடம், "அண்ணே, ஒரு பக்கம் மட்டும் ஓடவிடுங்க" என்று கேளுங்கள். ஒரே ஸ்பீக்கரில் கேட்கும்போது குறைகள் ஜோடியில் கேட்பதைவிடத் தெளிவாகத் தெரியும் என்பதும் டூலின் குழு கண்டறிந்ததுதான். 1916இல் இதே மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பழைய பதிவு ஒன்று, ஒரே மைக்கில் எடுத்தது, இதற்கு அருமையான சோதனை. குரல் மூக்கிலிருந்தோ பானைக்குள்ளிருந்தோ வரக் கூடாது. பாட்டு ஓடும்போதே மெதுவாகப் பக்கவாட்டில் நாலடி நடந்து பாருங்கள். சத்தம் கொஞ்சம் குறையலாம், குரலின் நிறம் மாறக் கூடாது. பேஸுக்கு இந்தப் பதிவு உதவாது. அதற்குத் தவிலும் உறுமியும் நன்றாகப் பதிவான புதிய பாட்டு ஒன்றைப் போட்டு, உங்கள் வீட்டில் வைக்கும் சத்தத்துக்கு ஏற்றிக் கேளுங்கள்.

பழைய டவர் ஸ்பீக்கர்களைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து ஆண்டில் பொடியாக உதிரும். கோனை இரண்டு பக்கமும் சமமாக விரல் வைத்து மெல்ல அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். கரகரவென்று உரசினால் காயில் தொடுகிறது. கோன் மாற்றிய யூனிட் என்றால் பாட்டு வரும், ஆனால் கோனின் எடையும் வளையத்தின் விறைப்பும் மாறியிருக்கும். நிறுவனம் வெளியிட்ட கோடு இனி அதற்குப் பொருந்தாது. இடது பக்கம் அசல், வலது பக்கம் மாற்றியது என்று ஜோடி சேர்த்து விற்பதும் உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து ஒரே மைக்கில் எடுத்துப் பார்த்து, கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.